வாசகர் கேள்வி – பதில்: அடுத்த புயலுக்கும் அடுத்த கோடைக்கும் மின்நிறுவனம் இன்றே கணக்குப் போட வேண்டாமா?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், மின்விநியோக நிறுவனங்கள் காலநிலை மாற்றத்தைத் தாங்குவதற்கான திட்டத்தை எழுதி ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருப்பதைச் சென்ற மாதம் ஒரு பதிலின் ஊடே சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களை நிறைத்துவிட்டன. மின்பகிர்மானத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் எனக்கு இது மனத்துக்கு நெருக்கமான பொருள். ஆகவே வேறு கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, இவற்றுக்கே பதில் எழுதுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்: நியூயார்க் சட்டம் என்னதான் சொல்கிறது? மின்நிறுவனம் மழை, புயலுக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதற்கு ஏன் தனியாக ஒரு சட்டம்?

2012 அக்டோபர் 29 இரவிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். அன்று சாண்டி புயல் கரையைக் கடந்தபோது, நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் கடல்நீர் சுமார் 14 அடி உயரத்துக்கு ஏறியது. அதே தீவில், கிழக்கு ஆற்றை ஒட்டிய 13-வது தெருவில் நகருக்கு மின்சாரம் வழங்கும் கான் எடிசன் நிறுவனத்தின் பெரிய துணைமின் நிலையம் ஒன்று இருக்கிறது. அது 12.5 அடி வெள்ளத்தைத் தாங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்த உயரத்தை யாரும் அலட்சியமாக வைத்துவிடவில்லை. அதுவரை அங்கே அறியப்பட்டிருந்த வெள்ள உயரங்கள் எல்லாவற்றையும்விட அது கூடுதல்தான். ஆனால் அன்றிரவு உப்புநீர் உள்ளே புகுந்து, மின்னோட்டத்தில் இருந்த கருவிகள் வெடித்து, பச்சையும் வெள்ளையுமாக ஒரு பெரும் ஒளி வானத்தில் எழுந்து அடங்கியது. 39-வது தெருவுக்குத் தெற்கே மன்ஹாட்டனின் பெரும்பகுதி இருண்டது. விளக்கு மீண்டும் எரிய ஏறக்குறைய 4 நாட்கள் ஆயின.

அந்த இருட்டில் நடந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லாங்கோன் மருத்துவமனையில் மாற்று மின்சாரமும் நின்றுபோனதால் 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அவர்களில் தீவிர சிகிச்சையில் இருந்த 20 பச்சிளங்குழந்தைகளைச் செவிலியர் கையில் ஏந்தி, மூச்சுக்கான காற்றைக் கையாலேயே அழுத்திக் கொடுத்தபடி, இருண்ட மாடிப்படிகளில் 9 மாடிகள் இறங்கினார்கள். அருகிலிருந்த பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர் 13-வது மாடியில் பத்திரமாகத்தான் இருந்தது. அதற்கு எண்ணெய் ஏற்றும் பம்பு அடித்தளத்தில் மூழ்கிவிட்டது. ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று எண்ணெய்க் கலன்களைக் கைமாற்றி மேலே அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். புயல் ஓய்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத 2012 டிசம்பரில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் காலநிலைச் சட்ட மையமும் சில அமைப்புகளும் மாநில ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒரு மனு கொடுத்தன. மின்நிறுவனங்கள் கடந்தகால வானிலையை மட்டும் வைத்துத் திட்டமிடுவதை நிறுத்தி, வரப்போகும் காலநிலையைக் கணக்கில் கொண்டு திட்டமிடும்படி ஆணையம் உத்தரவிட வேண்டும் என்பதே அதன் சாரம். 2013-ல் கான் எடிசன் கட்டண உயர்வு கேட்டு வந்தபோது இந்தக் கோரிக்கை அந்தக் கட்டண விசாரணையிலேயே எழுப்பப்பட்டது. 2014 பிப்ரவரியில் ஆணையம் பிறப்பித்த உத்தரவில், புயல் தாங்கும் பணிகளுக்காகச் சுமார் 100 கோடி டாலர் செலவிட அனுமதி தந்ததோடு, காலநிலை மாற்றத்தால் தன் கட்டமைப்புக்கு எங்கெங்கே ஆபத்து என்பதை நிறுவனம் ஆராய வேண்டும் என்றும் சொல்லிற்று. அந்த ஆய்வு 2019 டிசம்பரில் வெளிவந்தது.

ஒரு நிறுவனத்துக்கு இடப்பட்ட அந்தக் கட்டளையைத்தான் 2022-ல் மாநிலச் சட்டம் அங்குள்ள பெரிய தனியார் மின்நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் விரிவுபடுத்தியது. அதன்படி ஒவ்வொரு நிறுவனமும் முதலில் தன் பலவீனங்களைப் பட்டியலிடும் ஆய்வைத் தர வேண்டும். அடுத்து, வரும் 10 ஆண்டுகளுக்கும் 20 ஆண்டுகளுக்கும் என்னென்ன செய்யப்போகிறது என்ற திட்டத்தைத் தர வேண்டும். மக்கள் கருத்தைக் கேட்ட பிறகு ஆணையம் அதை ஏற்கவோ திருத்தவோ செய்யும். குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறை திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டும். 2023 செப்டம்பரில் ஆய்வுகளும் நவம்பரில் திட்டங்களும் ஆணையத்துக்கு வந்து சேர்ந்தன.

எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததுதான். ஆனால் '100 ஆண்டு வெள்ளம்' என்று நாங்கள் பொறியாளர்கள் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். 40 ஆண்டுகள் நிற்கப்போகும் துணைமின் நிலையம் தன் ஆயுளில் அப்படியொரு வெள்ளத்தைச் சந்திக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதுவும் கடல்மட்டம் மாறாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. மன்ஹாட்டன் தென்முனையில் 1900-லிருந்து கடல்மட்டம் சுமார் 1 அடி உயர்ந்திருக்கிறது. சாண்டிக்குப் பிறகு கான் எடிசன் தன் அளவுகோலையே மாற்றிக்கொண்டது: அரசு வரைபடம் காட்டும் 100 ஆண்டு வெள்ள உயரத்துக்கு மேல் இன்னும் 3 அடி, அதில் 1 அடி கடல்மட்ட உயர்வுக்காக. காலநிலைக்குத் திட்டமிடுவது என்ற பெரிய சொல்லைத் தரையில் இறக்கினால், சுவரையும் கருவியையும் எத்தனை அடி உயரத்தில் வைப்பது என்ற இந்தக் கணக்குத்தான் மிஞ்சும்.

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு வாசகி: சாண்டியின்போது நாங்களும் இருட்டில் இருந்தோம். ஆனால் மின்நிறுவனத்தில் இருப்பவர்களும் படித்த பொறியாளர்கள்தானே? கட்டாயப்படுத்தாமல், நல்ல ஆலோசனை சொன்னால் போதாதா?

உங்கள் மாநிலத்திலிருந்து தென்மேற்கே டெக்சாஸுக்குப் போனால் இதற்கான பதில் கிடைக்கும். அதைச் சொல்லும்போது என் தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில் வேதனையோடுதான் சொல்கிறேன்.

1989 டிசம்பரில் கடுங்குளிர் அடித்து டெக்சாஸின் மின்நிலையங்கள் உறைந்து நின்றன. குளிருக்கு எதிராக நிலையங்களைக் காத்துக்கொள்ளுங்கள் என்று அப்போதே சொல்லப்பட்டது. 2011 பிப்ரவரியில் மீண்டும் அதேபோல் குளிர், அதேபோல் மின்வெட்டு. அந்த ஆண்டு ஆகஸ்டில் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமும் வட அமெரிக்க மின் நம்பகத்தன்மை அமைப்பும் சேர்ந்து ஒரு விரிவான அறிக்கை தந்தன. உறையும் குழாய்களைச் சுற்றி வெப்பக்காப்பு போடுங்கள், அளவுகருவிகளுக்குச் சூடேற்றி வையுங்கள், குளிர்காலத்துக்கு முன்பே சோதியுங்கள் என்று எல்லாமே அதில் இருந்தன. அவை பரிந்துரைகளாக மட்டுமே இருந்தன. செய்யாதவரைக் கேட்பார் இல்லை.

10 ஆண்டுகள் கழித்து, 2021 பிப்ரவரியில், யூரி எனப்படும் பனிப்புயல் வந்தது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் நிறுவனங்களும் மின்சாரம் இழந்தன. மாநிலத்தின் முழு மின்தொகுப்பும் சரிந்து விழுவதற்கு இன்னும் 4 நிமிடம் 37 விநாடிதான் இருந்தது என்று தொகுப்பை நடத்தும் அமைப்பே பின்னர் தெரிவித்தது. சரிந்திருந்தால் மீட்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும். மாநில சுகாதாரத் துறையின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். வீட்டுக்குள்ளேயே குளிரில் விறைத்தவர்களும், கதகதப்புக்காகக் காரையோ அடுப்பையோ மூடிய இடத்தில் எரியவிட்டு நச்சுப்புகையில் மாண்டவர்களும் அதில் அடக்கம்.

என்னை அதிகம் உறுத்தும் விவரம் ஒன்று உண்டு. மின்சுமையைக் குறைக்க வேண்டுமென்று மின்பாதைகளை நிறுத்தியபோது, இயற்கை எரிவாயுவை அழுத்தித் தள்ளும் நிலையங்கள் சிலவற்றுக்குப் போகும் மின்சாரமும் நின்றுபோனது. ஏனென்றால், நிறுத்தக்கூடாத இணைப்புகளின் பட்டியலில் அவற்றை யாரும் பதிவுசெய்து வைத்திருக்கவில்லை. வாயு வராததால் மின்நிலையங்கள் நின்றன. மின்நிலையங்கள் நின்றதால் இன்னும் அதிக மின்பாதைகளை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தால் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியாவது அறுபட்டிருக்கும்.

அதே 2021 ஜூனில் டெக்சாஸ் சட்டமன்றம் குளிர்காப்பைக் கட்டாயமாக்கியது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதம். ஆய்வாளர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். பொறியாளர்கள் 2011-லும் படித்தவர்கள்தான், 2021-லும் படித்தவர்கள்தான். அலுவலகத்தில் ஆண்டுச் செலவைக் குறைக்கும் கூட்டம் நடக்கும்போது, 'செய்தால் நல்லது' என்ற பட்டியலில் இருப்பவை முதலில் வெட்டப்படும்; 'செய்யாவிட்டால் சட்டமீறல்' என்ற பட்டியலில் இருப்பவை தப்பிக்கும். இதை 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

கலிபோர்னியாவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் என்ற ஊரையே எரித்து 85 பேரைப் பலிகொண்ட காட்டுத்தீ, ஏறக்குறைய நூறாண்டு பழைய மின்கோபுரத்தில் தேய்ந்துபோயிருந்த ஒரு கொக்கி அறுந்ததிலிருந்து தொடங்கியது. காட்டுத்தீத் தடுப்புத் திட்டத்தை ஆணையத்திடம் தர வேண்டும் என்ற விதிகள் அங்கே அதற்குப் பிறகு கடுமையாக்கப்பட்டன.

வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகி: கஜா புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் பல வாரங்கள் மின்சாரம் இல்லை. ஐயா, அப்படியொரு காற்றுக்கு முன்னால் எந்தத் திட்டம் நிற்கும்?

அம்மா, உங்கள் கேள்வியில் இருக்கும் சோர்வு எனக்குப் புரிகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அந்தப் புயல் கரையேறிய பிறகு, வேறு மாவட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட அணி ஒன்றோடு நானும் உங்கள் பக்கம் வந்திருந்தேன். அந்தப் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து தோள்கொடுத்தார்கள். லாரி போக முடியாத வயலுக்குள், முழங்கால் சேற்றில், எட்டு மீட்டர் சிமென்ட் கம்பத்தைப் பத்துப் பன்னிரண்டு பேர் கயிறும் தடியும் கட்டித் தூக்கிச் சென்றதைப் பார்த்தேன். அவர்களில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள்; தங்கள் கூரை பறந்துபோன வீட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள்.

அங்கே நான் கவனித்தது இது. பெரும்பாலான கம்பங்களைக் காற்று நேராக முறிக்கவில்லை. தென்னை மரம் கம்பிமேல் சாய்கிறது. கம்பி அறுபடாமல் கம்பத்தை இழுக்கிறது. அந்தக் கம்பம் அடுத்ததை இழுக்கிறது. அப்படியே ஒரு வரிசை முழுவதும் ஒரே திசையில் படுத்துவிடுகிறது. தரைமட்டத்தில்தான் முறிவு. சில இடங்களில் கம்பம் முறியவே இல்லை, ஊறிய மண்ணிலிருந்து வேரோடு பிடுங்கியதுபோல் சாய்ந்திருந்தது. வரிசையில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு வலுவான கம்பத்தை இருபுறமும் இழுவைக் கம்பி கட்டி நிறுத்தியிருந்தால், சரிவு அந்த இடத்தோடு நின்றிருக்கும். இருபது கம்பம் விழும் இடத்தில் ஐந்து விழும். பல வாரம் என்பது சில நாட்களாகக் குறையும். எந்தக் காற்றுக்கும் அசையாத மின்பாதையை யாரும் கேட்கவில்லை. சேதம் பரவாமல் தடுப்பதும், சீக்கிரம் எழுந்து நிற்பதும் திட்டமிட்டால் கைகூடும்.

காற்றைப் பற்றி ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் அது கம்பத்தின்மேல் தரும் அழுத்தம் இரண்டேகால் மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது 140 ஆனாலே அழுத்தம் ஏறக்குறைய இரட்டிக்கும். புயல்களின் உச்ச வேகம் கொஞ்சம்தானே கூடும் என்று சமாதானம் அடைய இடமில்லை.

திட்டம் என்பது கம்பத்தோடு முடிவதும் இல்லை. புயலுக்கு முன்பே எந்த ஊரில் எத்தனை கம்பம், எத்தனை மின்மாற்றி இருப்பு வைப்பது. எந்தப் பாதையை முதலில் சீரமைப்பது. குடிநீர் மோட்டாரும் ஆரம்ப சுகாதார நிலையமும் கைபேசிக் கோபுரமும் எந்தப் பாதையில் இருக்கின்றன என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். கடைக்கோடிக் குடியிருப்புக்குக் கடைசியாகத்தான் மின்சாரம் போகும் என்பது எழுதப்படாத விதியாக இருக்கிறது. எழுதி, வெளியிட்டு, காரணம் சொல்ல வேண்டிய நிலை வந்தால் அந்த வரிசை மாறும் என்று நம்புகிறேன்.

சென்னை வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: எல்லாக் கம்பிகளையும் பூமிக்கடியில் புதைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

காற்றுப் பிரச்சினை தீரும். தண்ணீர்ப் பிரச்சினை தீராது. சாண்டியில் இருண்ட மன்ஹாட்டனின் மின்வடங்கள் அனைத்தும் பூமிக்கடியில்தான் இருந்தன. சென்னையிலும் பல பகுதிகளில் புதைவடம்தான். ஆனாலும் 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தெருவோர மின்பகிர்வுப் பெட்டிக்குள் (பில்லர் பாக்ஸ்) தண்ணீர் ஏறினால் உயிருக்கு ஆபத்து என்பதால் மின்சாரத்தை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அப்போது கேட்க வேண்டியது, அந்தப் பெட்டி தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான். புதைவடத்துக்குச் செலவு பல மடங்கு. பழுது வந்தால் இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்ட நேரமும் ஆகும். கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போன்ற கரையோர ஊர்களில் உலக வங்கிக் கடனுதவியோடு புதைவடப் பணி எடுக்கப்பட்டது சரியான முடிவு, ஏனென்றால் அங்கே முதல் எதிரி காற்று. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வடத்தைப் புதைப்பதோடு பெட்டியையும் உயர்த்த வேண்டும், தண்ணீர் புகாத இணைப்புகளும் வேண்டும். நியூயார்க்கில் இன்னொன்றும் செய்தார்கள். வெள்ளம் வரும் சில தெருக்களை மட்டும் முன்கூட்டியே நிறுத்தி, மேட்டில் இருப்பவர்களுக்கு மின்சாரம் தொடரும்படி இடையில் துண்டிப்பான்களைப் பொருத்தினார்கள். மின்னோட்டம் இல்லாத கருவி உப்புநீரில் நனைந்தால் கழுவித் துடைத்து மீண்டும் பயன்படுத்த வாய்ப்பு உண்டு. மின்னோட்டத்தோடு நனைந்தால் அது பெரும்பாலும் அதோடு முடிந்தது.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: புயல், வெள்ளம் பற்றியே பேசுகிறோம். எங்கள் ஊருக்கு வெயில்தான் பயம். வெயிலால் மின்கட்டமைப்புக்கு என்ன ஆகும்?

நல்ல கேள்வி. புயல் ஒரே நாளில் காட்டும் சேதத்தை வெயில் சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் செய்கிறது.

உங்கள் தெருமுனை மின்மாற்றியின் உள்ளே செப்பு அல்லது அலுமினியச் சுருளைச் சுற்றிக் காகிதம் சுற்றப்பட்டிருக்கும், முழுவதும் எண்ணெயில் மூழ்கியிருக்கும். அந்தக் காகிதம் பொடிந்தால் மின்மாற்றியின் ஆயுள் முடிந்தது. வழக்கமான காகிதம் அதன் வெப்ப வரம்பை ஒட்டிய நிலையில், ஒவ்வொரு 6 டிகிரி கூடுதல் வெப்பத்துக்கும் இரண்டு மடங்கு வேகத்தில் மூப்படைகிறது. பகலில் சூடாகி இரவில் ஆறுவது அதன் இயல்பு. இரவிலும் வெப்பம் இறங்காமல், எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடினால் ஆறுவதற்கான நேரமே கிடைப்பதில்லை. நள்ளிரவில் மின்மாற்றி வெடித்தது என்று மே மாதத்தில் நாம் கேள்விப்படுவதன் பின்னணியில் பெரும்பாலும் பல கோடைகளின் வெப்பம் சேர்ந்திருக்கும்.

கான் எடிசன் கோடைச் சுமையைக் கணக்கிடும் முறை எனக்குப் பிடித்தமானது. ஒரே நாளின் உச்ச வெப்பத்தை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து, இன்றைக்கு 70 சதவீதம், நேற்றைக்கு 20, முந்தாநாளுக்கு 10 என்று எடை கொடுத்து ஓர் எண்ணை எடுக்கிறார்கள். மூன்று நாள் தொடர்ந்து புழுங்கினால் கட்டடம் சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், மூன்றாம் நாள்தான் சுமை உச்சிக்குப் போகும் என்ற அனுபவ அறிவு அந்த எண்ணில் இருக்கிறது. வரும் பத்தாண்டுகளில் அந்த எண் எத்தனை நாட்கள் எல்லை தாண்டும் என்பதே அவர்களுடைய 2019 ஆய்வின் முக்கியக் கேள்விகளில் ஒன்று.

மேல்நிலைக் கம்பியும் வெப்பத்தில் நீண்டு தொய்யும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலுமாக 5 கோடிப் பேரை இருட்டில் தள்ளிய மின்தடையின் தொடக்கக் காரணங்களில் ஒன்று, ஒகையோ மாநிலத்தில் சுமையாலும் சூட்டாலும் தொய்ந்த கம்பிகள் கீழே வளர்ந்திருந்த மரங்களைத் தொட்டது. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டை எட்டியது. மின்சாரம் வாங்கி வந்துவிடலாம். அதைத் தெருவரைக்கும் கொண்டுவரும் கம்பியும் மின்மாற்றியும் அந்த வெயிலில் தாங்குமா என்பதைத் தனியாக ஆராய வேண்டும்.

கோயம்புத்தூரில் சிறுதொழில் நடத்தும் ஒரு வாசகர்: இதற்கெல்லாம் யார் பணம் தருவது? கடைசியில் எங்கள் கட்டணத்தில்தானே ஏறும்?

ஏறும். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. நியூயார்க் சட்டத்தில் ஆணையம் ஒப்புக்கொண்ட செலவை நுகர்வோரின் ரசீதில் கூடுதல் கட்டணமாக வாங்கிக்கொள்ள இடம் உண்டு. அதனால்தான் அங்கே பொது விசாரணையும் ஒப்புதலும் தேவைப்படுகின்றன. தாங்குதிறன் என்ற பெயரில் தேவையற்ற செலவையும் ஏற்றிவிடக் கூடாதல்லவா? நம் மாநிலத்தில் வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம் என்பதால், செலவுச் சுமையின் ஒரு பகுதி அரசு மானியத்தின் வழியே வரிப்பணத்துக்குப் போகும்.

ஆனால் நீங்களே உங்கள் தொழிற்கூடத்தின் கணக்கைப் பாருங்கள். மின்தடைக்கு நீங்கள் எரிக்கும் டீசல், பாதியில் நின்ற வேலை, தவறிய ஒப்படைப்புத் தேதி, இவையும் மின்சாரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலைதான். ரசீதில் மட்டும் வருவதில்லை. அடுத்ததாக, எல்லாவற்றையும் இன்றே மாற்றச் சொல்வது தவறு. எப்படியும் மாற்றப்போகிற மின்மாற்றியை மாற்றும்போது மேடையை இரண்டடி உயர்த்திக் கட்டுவதற்கு ஆகும் கூடுதல் செலவு சிறிது. வெள்ளம் வந்து போன பிறகு அதை மட்டும் தனியாகச் செய்ய ஆகும் செலவு பெரிது. எங்கே எப்போது எதை மாற்றுவது என்று 10 ஆண்டுப் பட்டியல் கையில் இருந்தால்தான் இந்தச் சிக்கனம் சாத்தியம்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் நாட்டில் மின்நிறுவனத்தை இப்படித் திட்டமிடச் சொல்லும் சட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் நாங்கள் என்ன செய்வது?

நம் மின்சாரச் சட்டம் 2003-ல் இயற்றப்பட்டது. திறமையான, சிக்கனமான பகிர்மான அமைப்பை உருவாக்கிப் பராமரிப்பது உரிமதாரரின், அதாவது உரிமம் பெற்ற மின்பகிர்மான நிறுவனத்தின் கடமை என்று அதன் 42-வது பிரிவு சொல்கிறது. சேவையின் தரத்தை வகுக்கும் அதிகாரத்தை 57-வது பிரிவு மாநில ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தருகிறது. வரப்போகும் காலநிலையைக் கணக்கிட்டு, இன்ன தேதிக்குள் திட்டம் கொடு என்று உரிமதாரருக்கு நேரடியாகக் கட்டளையிடும் பிரிவு அதில் இல்லை. கடலோரப் பகுதிகளில் புயலைத் தாங்கும் மின்கட்டமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய மின் ஆணையத்தின் பணிக்குழு 2021-ல் அறிக்கை தந்திருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் டெக்சாஸின் 2011 அறிக்கை என் நினைவுக்கு வருகிறது. பரிந்துரை நல்லதுதான், அதற்குத் தேதியும் பொறுப்பும் யார் தருவது?

உங்கள் ஊரின் அந்த 95 சென்டிமீட்டர் எந்தத் துணைமின் நிலையத்தின் வரைபடத்திலும் எழுதப்பட்டிருக்காது, ஏனென்றால் பழைய மழைப்பதிவுகளை வைத்து அப்படியோர் எண்ணை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. நியூயார்க்கின் 12.5 அடியும் அப்படி வந்த எண்தான்.

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கான் எடிசனுக்கு முதல் கட்டளை சட்டமன்றத்திலிருந்து வரவில்லை. கட்டண விசாரணையிலிருந்து வந்தது. அந்த வாசல் நமக்கும் திறந்தே இருக்கிறது. நம் சட்டத்தின் 64-வது பிரிவின்படி, கட்டண மனுவை உரிமதாரர் சுருக்கமாக வெளியிட வேண்டும்; பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்த பிறகே ஆணையம் உத்தரவிட வேண்டும். கட்டணம் ஏறுகிறது என்ற ஆட்சேபத்தோடு ஆயிரம் கடிதங்கள் போகின்றன. அத்தோடு நீங்கள் இன்னொரு கடிதமும் எழுதுங்கள். உங்கள் துணைமின் நிலையத்தின் பெயரைக் குறிப்பிட்டு, 2023 டிசம்பரில் அங்கே தண்ணீர் எந்த உயரத்துக்கு ஏறியது, கருவிகள் இப்போது எந்த உயரத்தில் இருக்கின்றன, அந்த உயரம் எந்த ஆண்டுவரையிலான மழைக்கணக்கை வைத்து முடிவு செய்யப்பட்டது, இந்த மனுவில் கேட்கும் மூலதனச் செலவில் அதைச் சரிசெய்ய எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று நான்கு கேள்விகளை மட்டும் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் நின்ற சேற்றுக்கோட்டைப் படம் பிடித்திருந்தால், அடிக்கோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அளந்து, அந்தப் படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.